மதுரைச் சிறுதொழில்களில் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி?

கப்பலூர், கே. புதூர், உறங்கான்பட்டித் தொழிற்பேட்டைகளிலும் நகரைச் சுற்றியுள்ள சாயப்பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் தொழில் நடத்துவோருக்குச் சுற்றுச்சூழல் மேலாண்மை என்பது பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வழியாகத்தான் முதலில் அறிமுகமாகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வரும் அறிவிப்பாகவோ, பொருள் வாங்கும் பெரிய நிறுவனம் அனுப்பும் வினாப்பட்டியலாகவோ அது இருக்கும். உடனே வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வருகிறோம். அவர் கேட்கும் தாள்களைக் கொடுக்கிறோம். அவர் நிரப்பித் தரும் படிவத்தில் கையெழுத்திடுகிறோம். அவர் போன பிறகு, இந்த ஆலை ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறது, அதில் எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்டால், உள்ளே வேலை பார்க்கும் ஒருவருக்கும் விடை தெரிவதில்லை.

ஆலோசகர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கவும் சட்டச் சிக்கலைத் தீர்க்கவும் அவர்கள் தேவை. ஆனால் அன்றாடம் அளப்பதும், அளந்ததை எழுதி வைப்பதும், எழுதியதைப் பார்த்து வேலைமுறையை மாற்றுவதும் ஆலைக்குள் இருப்பவருக்கே கைவரக் கூடியவை. அந்தத் திறனை, ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்யும் ஒருவரிடம், ஏறத்தாழ ஓராண்டில் எப்படி வளர்ப்பது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

மதுரையில் இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது

வைகையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றங்கரையில் கழிவுநீர் ஓரளவு கலந்து நீர்த்துப் போகும். இங்கே அது விட்ட இடத்திலேயே தங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. மேலும் நம் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகப் பாயும் நீர்தான் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து. ஆகவே மேட்டு வாய்க்காலில் ஒரு பட்டறை விடும் நீர், அடுத்த ஊரின் வயலுக்கும் அங்குள்ள கிணற்றுக்கும் போய்ச் சேருகிறது. கிருதுமால் நதி நகருக்குள் இன்று சாக்கடையாக ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு நீர்வழி எவ்வளவு விரைவில் கைவிட்டுப் போகும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாடங்கள் அருகிலேயே இருக்கின்றன. 1996 ஆகஸ்டில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளுடன் நமக்கு அடுத்த மாவட்டமான திண்டுக்கல்லின் தோல் ஆலைகளும் அந்தத் தீர்ப்பின் வரம்புக்குள் வந்தன. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2011 சனவரியில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை மூடப்படும்போது வாங்கிய ஆர்டர், பழகிய தொழிலாளர், வங்கித் தவணை ஆகிய மூன்றும் ஒரே நாளில் சிக்கலாகின்றன. அந்த நிலை வந்த பிறகு எந்த ஆலோசகராலும் பெரிதாக உதவ முடியாது.

யாரிடம் ஒப்படைப்பது

பட்டம் பெற்ற ஒருவரைப் புதிதாக நியமிக்க வேண்டும் என்பதில்லை. ஆலையில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த மோட்டார் எப்போது ஓடுகிறது என்று தெரிந்த மேற்பார்வையாளரோ எலக்ட்ரீசியனோ இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவர். எண்களை அஞ்சாமல் கையாள்பவராகவும் கண்டதைக் கண்டபடி எழுதுபவராகவும் இருந்தால் போதும். வெளியிலிருந்து ஒருவரை எடுப்பதாக இருந்தால், சான்றிதழ்களைப் பார்த்து முடித்ததும் அவரைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அழைத்துப் போய், “இங்கே என்ன நடக்கிறது, நீங்கள் முதலில் எதை அளப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்த விடை சான்றிதழை விட அதிகம் சொல்லும்.

ஒன்றை மட்டும் முதலாளி உறுதியாகச் செய்ய வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நிலையில் இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்து, அதை மற்ற தொழிலாளர் முன்னிலையில் அறிவிக்க வேண்டும். நான் அறிந்த ஒரு பட்டறையில், பொறுப்பாளர் வால்வை மூடச் சொன்னார். ஆர்டர் அவசரம் என்று மேலாளர் திறக்கச் சொன்னார். இரவோடு இரவாக வாய்க்காலில் நிறம் கலந்தது. அடுத்த மாதம் அந்தப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனார். மூன்று ஆண்டுகளாக அவர் கற்றதெல்லாம் அவரோடு போய்விட்டது.

முதல் மூன்று மாதங்கள்: வரைபடமும் நோட்டும்

முதலில் ஆலையின் தரை வரைபடத்தை ஒரு பெரிய தாளில் வரையச் சொல்லுங்கள். தண்ணீர் நுழையும் இடங்களை நீல மையிலும் வெளியேறும் இடங்களைச் சிவப்பு மையிலும் குறிக்க வேண்டும். எந்த வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று ஐயம் வந்தால், சிறிது உணவு நிறமியைக் கரைத்து ஊற்றி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கலாம். பழைய கட்டடங்களில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர் வடிகாலும் தரைக்கடியில் இணைந்திருப்பது இப்படித்தான் வெளிப்படும்.

பிறகு ஒரே ஒரு நோட்டு போடுங்கள். நாள்தோறும் எடுத்த தண்ணீர், மின்சார யூனிட், எரித்த டீசல் அல்லது விறகு, வெளியேறிய கழிவு எத்தனை கிலோ, அன்று உற்பத்தியான பொருள் எவ்வளவு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வாரக் கடைசியில் முதல் நான்கையும் உற்பத்தியால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை லிட்டர், ஒரு குவிண்டால் அரிசிக்கு எத்தனை யூனிட் என்பதுதான் உண்மையை உரைக்கும். மொத்தத் தொகை உற்பத்தி கூடும்போது கூடும், குறையும்போது குறையும், அதிலிருந்து எதையும் அறிய முடியாது.

மீட்டர் இல்லாத குழாய்க்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி 20 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். அந்தக் குழாய் 8 மணி நேரம் திறந்தே கிடந்தால் 14,400 லிட்டர் ஆகும். 12,000 லிட்டர் கொள்ளும் ஒரு லாரித் தண்ணீரை விட அதிகம். கோடையில் லாரிக்குக் கொடுக்கும் பணத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினால், குழாயை மூடச் சொல்லி யாரும் தனியாக அறிவுரை கூற வேண்டியிராது.

சாயப்பட்டறைகளுக்கு: உப்பைப் பிரித்து வையுங்கள்

சுங்குடிச் சேலையால் பெயர் பெற்ற ஊரில் சாயத்தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்க்கிறோம். நிறத்தின் அடர்த்திக்கேற்ப ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை அது தேவைப்படுகிறது. சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதுதான் உப்பின் வேலை. அது துணியில் தங்குவதில்லை; போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் வந்து சேருகிறது.

நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் தொட்டி கரிமக் கழிவைத் தின்று குறைக்கும். உப்பை அதனால் எதுவும் செய்ய முடியாது. உப்பை நீக்க எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) எந்திரமும் அதன்பின் ஆவியாக்கும் கலனும் வேண்டும். இரண்டும் மின்சாரத்தையும் எரிபொருளையும் அதிகம் கேட்பவை. நீர் ஊற்றிக் கலந்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கு: லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்பது 50,000 மில்லிகிராம். பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. இந்த அளவுக்கு இறக்க, ஒவ்வொரு லிட்டர் சாயக்கழிவுக்கும் ஏறத்தாழ 23 லிட்டர் உப்பே இல்லாத நீர் வேண்டும். அத்தகைய நீர் நம்மிடம் இல்லை. இருந்தாலும் கலந்து விடுவதால் உப்பு குறைவதில்லை, பரவுகிறது.

எனவே செய்ய வேண்டியது, பிரிப்பது. சாயத்தொட்டியின் கழிவும் முதல் அலசலும்தான் உப்பின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. கன அளவில் அவை மொத்தக் கழிவுநீரின் சிறு பகுதியே. அவ்விரண்டுக்கும் தனி வடிகாலும் தனித் தொட்டியும் அமைத்துவிட்டால், செலவு பிடிக்கும் எந்திரங்கள் சிறிய அளவு நீரை மட்டும் கையாண்டால் போதும். பிந்தைய அலசல் நீரில் உப்பு குறைவு. அலசலை வரிசையாக மூன்று தொட்டிகளில் செய்து, கடைசித் தொட்டியின் நீரை நடுத் தொட்டிக்கும், நடுத் தொட்டியின் நீரை முதல் தொட்டிக்கும் பின்னோக்கிச் செலுத்தினால், புதிய நீர் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் தேவைப்படும். துணி முன்னோக்கிப் போகிறது, நீர் பின்னோக்கி வருகிறது; தூய்மையான துணி எப்போதும் தூய்மையான நீரில் முடிகிறது.

இதற்கு, நீரில் கரைந்த திடப்பொருளை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று அவசியம். விலை அதிகமில்லை. ஒவ்வோர் அலசலுக்குப் பின்னும் அளந்து எழுதினால், எத்தனையாவது அலசலுக்குப் பிறகு நீரைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது ஒரு மாதத்தில் அந்தப் பட்டறைக்கே உரிய எண்ணாகக் கிடைத்துவிடும். இந்த எண்ணை எந்த நூலிலிருந்தும் எடுத்துவிட முடியாது. உங்கள் துணி, உங்கள் சாயம், உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றைப் பொறுத்தது அது.

புழுங்கலரிசி ஆலைகளில் இதே பிரிக்கும் முறை ஊறல் நீருக்குப் பொருந்தும். அதில் உப்பு அன்று, கரிமச் சத்துதான் சிக்கல், அதனால்தான் தேங்கிய சில மணி நேரத்தில் நாறத் தொடங்குகிறது. உணவகங்களுக்கு அடுக்களை வடிகாலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி அமைத்து, குறித்த நாளில் தவறாமல் அள்ளுவதே முதல் வேலை.

மின்சாரமும் டீசலும்

வாகன உதிரிபாகம், ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்கூடங்களில் அழுத்தக் காற்று கண்ணுக்குத் தெரியாமல் வீணாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, அது காற்றை ஏற்றும் நேரத்தையும் ஏற்றாமல் இருக்கும் நேரத்தையும் சில சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். ஏற்றும் நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவின் விழுக்காடு கிடைக்கும். ஒன்றரை நிமிடம் ஏற்றி ஆறு நிமிடம் ஓய்ந்தால் கசிவு 20 விழுக்காடு. 10 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்ல பராமரிப்பு. மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

கசிவால் 5 கிலோவாட் வீணாவதாகவும், நாளைக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றும் கொண்டால் 15,000 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய். முதலாளியிடம் பேசுவதற்கு இப்படிப்பட்ட ஒரு கணக்கோடு போக வேண்டும். தொடக்கத்தில் ஓராண்டுக்குள் செலவை மீட்டுத் தரும் வேலைகளையே எடுத்துக்கொண்டால், பின்னர் வரும் செலவு மிகுந்த சுத்திகரிப்பு வேலைகளுக்கு நம்பிக்கை பிறக்கும். இந்த வரிசையை மாற்றிச் செய்து பாதியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் புகைபோக்கி உயரத்தைத் தாமே சரிபார்க்கலாம். ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவு, ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தின் உயரத்துக்கு மேல் புகைபோக்கி நிற்க வேண்டிய குறைந்த உயரம். 100 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர். ஜெனரேட்டரிலிருந்தும் எந்திரங்களிலிருந்தும் வடிக்கும் பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைப் பழைய இரும்புக் கடைக்கோ செங்கல் சூளைக்கோ கொடுக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இசைவாணையை வரிவரியாகப் படிப்பது

இசைவாணை என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி, பெரும்பாலான தொழில்கள் தொழிற்சாலையை அமைப்பதற்கு முன் ஓர் இசைவாணையும் இயக்குவதற்கு முன் ஓர் இசைவாணையும் பெற வேண்டும். மாசுபடுத்தும் தன்மையைப் பொறுத்துத் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிற வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் தொழில் எந்த நிறத்தில் வருகிறது என்பதைப் பொறுப்பாளர் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

இசைவாணையில் உள்ள நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் தனித்தாளில் எழுதி, அதற்கு எதிரே யார் பொறுப்பு, எந்த நாளில் செய்ய வேண்டும், செய்ததற்கு என்ன சான்று என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்புவது மிக நல்ல பயிற்சி. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது பெரும்பாலும் இந்தத் தாளில் உள்ளவற்றைத்தான். நாள்காட்டியில் குறிக்க வேண்டியவையும் சில உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. அதற்கான ஆண்டு அறிக்கையை ஜூன் 30க்குள் அளிக்க வேண்டும். இசைவாணை தேவைப்படும் தொழில்கள் சுற்றுச்சூழல் அறிக்கையைச் செப்டம்பர் 30க்குள் அளிக்க வேண்டும்.

ஆய்வக அறிக்கையைப் படிக்கவும் பழக வேண்டும். பொது நீர்நிலையில் விடும் நீருக்கு அமில காரத்தன்மை 5.5 முதல் 9 வரை, உயிரியல் ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், வேதியியல் ஆக்சிஜன் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) 250, கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10 என்பவை பொது வரம்புகள். உங்கள் இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுவே செல்லும். மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுத்த மாதிரியே உண்மையைக் காட்டும். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஞாயிறு காலையில் தெளிந்த நீரை எடுத்து அனுப்பிப் பெறும் நல்ல அறிக்கையால், திங்கட்கிழமை வாய்க்காலில் ஓடும் நீர் மாறிவிடுவதில்லை; அந்த அறிக்கையை நம்பி எடுக்கும் முடிவுகள் எல்லாம் தவறாகிவிடும்.

வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தம் சுற்றுச்சூழல் செயல்பாடுகளைப் பற்றி அறிக்கை அளிக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கட்டாயமாக்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம் போன்ற பொருள்களின் கரிம உமிழ்வுக்கு எல்லையில் கணக்குக் கேட்கும் முறையை 2023 அக்டோபரில் தொடங்கியது. பெரிய நிறுவனம் தன் கணக்கைக் கொடுக்க, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கப்பலூர்ப் பட்டறையின் கணக்கும் தேவைப்படுகிறது. வினாப்பட்டியல் நம்மிடம் வருவது இதனால்தான்.

நோட்டு ஒழுங்காக இருந்தால் இதற்கு விடை எழுத அரை நாள் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதை வைத்து, எரித்த டீசலைப் பெருக்கிக்கொள்ளலாம். அளக்காத எண்ணை ஒருபோதும் எழுத வேண்டாம். “இன்னும் அளக்கவில்லை, இந்த மாதத்துக்குள் அளக்கத் தொடங்குகிறோம்” என்று எழுதிய பட்டறையை வாங்குவோர் மதிக்கிறார்கள், கற்பனை எண்ணை அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது அது நிற்காது. நோட்டும் இசைவாணைத் தாளும் ஓராண்டு நடந்த பிறகு சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றுக்கோ, மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகம் வழங்கும் செட் (ZED: குறையற்ற, சுற்றுச்சூழலைப் பாதிக்காத உற்பத்தி) சான்றுக்கோ முயலலாம். செட் சான்றுக் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 விழுக்காடு, சிறுதொழிலுக்கு 60 விழுக்காடு மானியம் என்று அத்திட்டம் அறிவிக்கப்பட்டது. மதுரையில் இயங்கும் சிறுதொழில் சங்கமான மடீட்சியா, தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் ஆகியவற்றில் உறுப்பினராக இருப்போர், இந்தச் சான்றைப் பெற்ற சக தொழில்முனைவோரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐப்பசிக்கு முன்

மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் கணிசமான பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. ஒரு சதுர மீட்டரில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கூரையில், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஆண்டுக்கு 3,40,000 லிட்டர் சேர்க்க முடியும். ஆனால் அதே மழை, திறந்து கிடக்கும் உப்பு மூட்டையையும் சுத்திகரிப்புச் சகதியையும் கரைத்து ஒரே இரவில் கண்மாய்க்குக் கொண்டுபோய்விடும்.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் பொறுப்பாளர் தம் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலையை ஒருமுறை சுற்றி வர வேண்டும். சகதிக் கொட்டகைக்குக் கூரையும் தரைத்தளமும் சரியாக உள்ளனவா, ஆயில் பீப்பாய்களைச் சுற்றித் தடுப்புக்கட்டை இருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டியின் விளிம்பு தரையை விட உயரமாக இருக்கிறதா, கூரை நீர் கழிவுநீர் வடிகாலோடு கலக்காமல் தனியே இறங்குகிறதா என்று பார்த்துக் குறைகளை நோட்டில் எழுத வேண்டும். கண்மாய்ப் பாசன விவசாயிகள் இருவரை அந்தச் சுற்றுக்கு அழைத்துக்கொள்வது என் தனிப்பட்ட பரிந்துரை. மடையில் நீரின் நிறமோ மணமோ மாறினால் முதலில் அறிபவர்கள் அவர்கள்தான்; மாறியதும் யாரை அழைப்பது என்று தெரியும்படி, பொறுப்பாளரின் கைபேசி எண்ணை அன்றே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.